புதுப்பிப்பு: வாவிச் சேற்றில் இழுபட்ட நங்கூரம் இப்போது பிடிக்கிறது

என் கேள்விக்குப் பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. நான் கேட்ட பிரச்சினை இதுதான்: மட்டக்களப்பு வாவித் தீவுகளுக்கிடையே 18 அடி பாய்வள்ளம், ஆழம் 6 அடி, கச்சான் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசினால் நங்கூரம் சேற்றில் இழுபடும்.

நங்கூரத்தை மாற்றவில்லை. பலனளித்தது "சங்கிலி போடு, கயிற்றைக் கூட்டு" என்ற யோசனை. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே 8 மி.மீ. சங்கிலி 10 அடி. எடை ஏறத்தாழ 4 கிலோ. அது நங்கூரத் தண்டைக் கிடையாக வைத்திருப்பதால் நகம் (சேற்றைக் கவ்வும் முனை) சேற்றுக்குள் இறங்குகிறது. கயிற்றின் நீளத்துக்கு முன்பு ஆழத்தை மட்டும் கணக்கெடுத்தது பிழை. நீருக்கு மேல் முன்னணியத்தின் (வள்ளத்தின் முன்முனை) உயரம் 2 அடியையும் சேர்த்து 8 அடி. அதன் 7 மடங்கு, சங்கிலியும் கயிறுமாக 56 அடி விட வேண்டும். சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷெக்கிளின் (U வடிவக் கொளுவி) ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள், ஆட்டத்தில் கழன்றுவிடும்.

எதிர்பாராதது இரண்டு. போட்ட கையோடு இழுத்தால் இன்னும் வழுக்குகிறது; பத்து நிமிடம் சேற்றில் அமரவிட்டுப் பிறகு மெல்ல இறுக்கினால் பிடிக்கிறது. ஒருமுறை அப்படியும் பிடிக்கவில்லை. தூக்கிப் பார்த்தால் நகம் முழுக்கப் பாசி, பந்துபோல. வழித்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

காற்று திரும்பினால் வள்ளம் நங்கூரத்தைச் சுற்றி 70 அடிக்கு மேல் ஆரத்தில் வட்டமடிக்கும். அதற்குள் வலைக்கம்புகள் இருக்கக்கூடாது.