ஏற்றத்தில் இழுக்காத டர்போ வண்டி

கார்த்திக்: சனிக்கிழமை மலைக்கு என் வண்டியில் ஐந்து பேர் வருவதாகப் பேசியிருக்கிறோம். அதற்குள் ஒன்றைத் தீர்த்தாக வேண்டும். காலையில் நன்றாக இழுக்கும் வண்டி, மதிய வெயிலில் நெரிசலில் ஊர்ந்துவிட்டு மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இல்லாமல் திணறுகிறது. வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது, எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. சுந்தரம் சித்தப்பா, காரணம் என்னவாக இருக்கும்?

ராகவன் மாமா: டர்போ அனுப்பும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரைப் பெரியதாக மாற்றிவிடு, சரியாகிவிடும்.

மீனாட்சி அத்தை: முதலில் சுந்தரம் சொல்லட்டும்.

சுந்தரம் சித்தப்பா: கார்த்தி, அந்த முள் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டை மட்டும்தான் காட்டும், எஞ்சினுக்குள் போகிற காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது அதில் தெரியாது. வெளியே 30 டிகிரியில் இருக்கும் காற்றை, எஞ்சின் புகையின் விசையில் சுழலும் டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், அது ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடேறிவிடும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு என்பதால், பூஸ்ட், அதாவது டர்போ கூட்டித் தரும் அழுத்தம், சரியாக இருந்தாலும் சிலிண்டருக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்துபோகும். அதே காற்றை இன்டர்கூலர் 50 டிகிரிக்கு இறக்கித் தந்தால், வழியில் அழுத்தம் குறையாதவரை, அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே கூடும்.

தீபா: நாக்கிங்கையும் சொல்லுங்கள் மாமா.

சுந்தரம் சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன். பெட்ரோல் எஞ்சினில் காற்று சூடாக நுழைந்தால், ஸ்பார்க் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும், அதுதான் நாக்கிங். நாக் சென்சர் அந்த அதிர்வை உணர்ந்தவுடன் எஞ்சினின் கணினியான ஈசியு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், தேவைப்பட்டால் பூஸ்டையும் குறைக்கும். ஆக, உன் வண்டி தன் பிஸ்டன்களைக் காப்பாற்றிக்கொள்ள இழுவையை விட்டுக்கொடுக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். நெரிசலில் நிற்கும்போது எதிர்க்காற்று இல்லாததால் எஞ்சின் அறையின் சூடு இன்டர்கூலரின் அலுமினியத்தில் ஊறிவிடுகிறது. உடனே ஏற்றத்தில் மிதித்தால் இன்டர்கூலரால் காற்றைக் குளிர்விக்க முடிவதில்லை.

மீனாட்சி அத்தை: இவன் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சினே ஆறிவிடும்.

ராகவன் மாமா: அதனால்தான் பெரியதாக மாட்டச் சொன்னேன்.

சுந்தரம் சித்தப்பா: அத்தான், பெரியதில் பலன் உண்டு, ஆனால் அதற்கு விலையும் உண்டு. நிரம்ப வேண்டிய இடம் கூடுவதால் மிதித்ததும் பூஸ்ட் வருவது தாமதமாகும். கோரின், அதாவது இன்டர்கூலரின் உள்கூட்டின், அமைப்பு சரியில்லாவிட்டால் காற்று அதைக் கடக்கும்போதே அழுத்தத்தை இழக்கும், அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று காற்றை இன்னும் சூடாக்கும். தடிமனாக ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்தினால் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் காற்று குறைந்து, இப்போது நடுவில் நிற்கும் முள்ளும் ஏறத் தொடங்கும். மாற்றத்தான் வேண்டுமென்றால் தடிமனைவிட முகப்புப் பரப்பு அதிகமுள்ளதைத் தேட வேண்டும், ஏனென்றால் தடிமனான கோரின் பின்பகுதிக்கு வந்து சேரும் காற்று அதற்குள் சூடாகியிருக்கும்.

கார்த்திக்: தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருக்கிறதே, அது எப்படி?

தீபா: அதற்கு எஞ்சின் கூலன்ட்டோடு கலக்காத தனிச் சுற்றும், தனி மின்பம்பும், முன்னால் ஒரு சிறு ரேடியேட்டரும் வேண்டும். காற்றுக்குழாய் குட்டையாகிவிடுவதால் மிதித்ததும் பூஸ்ட் வந்துவிடும், சிறிது நேர வேகத்துக்கு அது அருமையாக ஈடுகொடுக்கும். ஆனால் நீண்ட மலையேற்றத்தில் அந்தச் சிறு ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறதோ அவ்வளவுதான் பலன். இரண்டு நாளில் செய்கிற வேலையும் அல்ல.

மீனாட்சி அத்தை: தண்ணீரையே உள்ளே தெளிக்கும் முறை இருப்பதாகப் படித்தேனே?

சுந்தரம் சித்தப்பா: இருக்கிறது அக்கா, மிகப் பழைய முறை அது. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்துத் தெளித்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்ட் தானாகக் குறைந்துவிடும். பிற்காலத்தில் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரிலும் தண்ணீர் தெளிப்பு வந்தது. தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அது ஆவியாகும்போது உறிஞ்சுகிறது என்பதால்தான் இத்தனை பலன். இருந்தாலும் குடும்பத்தோடு போகிற வண்டிக்கு, தொட்டி காலியாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டும் ஏற்பாட்டை நான் சொல்ல மாட்டேன்.

ராகவன் மாமா: முன்பிருந்த டீசல் வண்டியில் இவ்வளவு கேள்வியே வந்ததில்லை.

மீனாட்சி அத்தை: அதன் டர்போ யார் கையில் போனது என்று எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, நிறுத்திய அதே நொடியில் அணைப்பீர்கள்.

ராகவன் மாமா: இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பழி என்மீதுதானா?

சுந்தரம் சித்தப்பா: அத்தானை மட்டும் குறை சொல்லக் கூடாது அக்கா. அந்த டர்போவுக்குத் தண்ணீர்ச் சுற்றே கிடையாது. எண்ணெய் மட்டுமே அதன் பேரிங்கைக் குளிர்வித்தது. எஞ்சினை அணைத்ததும் எண்ணெய் ஓட்டம் நின்று, டர்பைன் பக்கத்துச் சூடு தண்டு வழியாக வந்து, தேங்கிய எண்ணெயைக் கரியாக்கிவிடும். அதனால் விரட்டி ஓட்டியபின் ஒரு நிமிடமாவது ஐடிலில் விட வேண்டியிருந்தது.

கார்த்திக்: என் வண்டியை அணைத்த பிறகும் முன்பக்கத்தில் ஒரு ரீங்காரம் கேட்கிறது. அதுவும் இதற்குத்தானா?

தீபா: டர்போவுக்குக் கூலன்ட்டைச் சுற்றவிடும் மின்பம்பாகவோ ரேடியேட்டர் விசிறியாகவோ இருக்கலாம். இரண்டுமே நல்லதற்குத்தான்.

சுந்தரம் சித்தப்பா: இப்போது பணம் செலவழிக்காமல் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். கீழ் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார், ஃபின்கள் என்னும் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சேறும் பூச்சியும் அப்பியிருந்தால் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவு. அழுத்தமாக அடித்தால் ஃபின் மடங்கிவிடும். டர்போவிலிருந்து வரும் ஹோஸின் கிளாம்ப் ஓரத்தில் புதிதாக எண்ணெய் ஈரம் தெரிந்தால் அங்கே பூஸ்ட் கசியலாம். ரேடியேட்டர் ஓரங்களில் ஃபோம் பட்டை விழுந்திருந்தால், காற்று ஃபின்களுக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். ஒரு படம் எடுத்துப் போடு.

கார்த்திக்: படம் அனுப்பியிருக்கிறேன்.

தீபா: கிரில் திறப்பில் பாதியை அந்த இரண்டு கூடுதல் விளக்குகள் மறைக்கின்றனவே!

மீனாட்சி அத்தை: அவை உங்கள் மாமா ஆசையாக வாங்கிக் கொடுத்தவை.

ராகவன் மாமா: மலையில் மூடுபனி இருக்கும். விளக்கைக் கழற்ற நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சுந்தரம் சித்தப்பா: கழற்ற வேண்டாம் அத்தான், பம்பரின் இரு ஓரங்களுக்கு நகர்த்தினால் போதும். மலையில் வேகம் குறைவு, எதிர்க்காற்றும் குறைவு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் அதே பூஸ்டுக்கு டர்போ இன்னும் அதிகமாக உழைக்க வேண்டும். அங்கே அந்தத் திறப்பு முழுவதும் நமக்கு வேண்டும்.

தீபா: வண்டியின் சென்சர் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். விளக்கு இருக்கும்போது ஒருமுறையும் இல்லாதபோது ஒருமுறையும் அதே மேம்பாலத்தில் ஏறி, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொள்வோம்.

ராகவன் மாமா: அந்த எண்ணைப் பார்த்த பிறகு பேசலாம்.

கார்த்திக்: அப்படியானால் இன்டர்கூலரை மாற்றுவதா வேண்டாமா?

சுந்தரம் சித்தப்பா: வியாழன் மாலை வருகிறேன். அதற்குள் எதையும் வாங்கிவிடாதே.

ராகவன் மாமா: நானும் வருகிறேன்.