பழைய செங்கால் மரம் எங்கே கிடைக்கும்? பாலிக் புலாவ் வேலைக்கு

வணக்கம் நண்பர்களே, பினாங்கில் மர வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள். பாலிக் புலாவில் டுரியான் தோட்டத்தை ஒட்டிய மலைச்சரிவில் நான்கு தங்கும் குடில்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். நிலம் 76 மீட்டர் உயரத்துக்குக் கீழேதான், அதனால் மலைநிலக் கட்டுப்பாடு என்ற தலைவலி இல்லை. மனதில் இருப்பது லங்காவியின் டத்தாய் ஹோட்டல் மாதிரி ஒன்று, கெரி ஹில் வடிவமைத்து 1993இல் திறந்தது, 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதும் வாங்கியது; அவ்வளவு பணம் இங்கே இல்லை என்பது வேறு கதை.

முதலாளிக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏர்கோன் வேண்டுமாம். இந்த ஈரக்காற்றில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்த்து வழியும், காடே தெரியாது, அப்புறம் எதற்குக் கண்ணாடி? நான் சொல்வது உயரமான கூரை, அகலமான இறவாணம், மரச் சட்டப் பலகணி, மின்விசிறி. ஆனால் மெத்தை, திரைச்சீலையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? பஞ்சா, ரப்பரா, எந்தத் துணி?

இன்னொன்று, பழைய கம்போங் (மலாய் கிராம) வீடுகளைப் பிரித்த செங்கால் என்ற கெட்டி மரத் தூண்கள் விற்பவர், அதை இழைக்கத் தெரிந்த தச்சர் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். விலை தோராயமாகச் சொன்னாலும் போதும்.