பக்கத்து வீட்டு நாய்க்காகச் செய்ததும் செய்யத் தவறியதும்: மூவரின் அனுபவங்கள்

மாடியில் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் கொல்லையில் கட்டிக் கிடந்த நாயைப் பார்ப்பேன். முதலில் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்த அது, நான்கைந்து மாதங்களில் குரைப்பதை நிறுத்திவிட்டது. தொல்லை ஒழிந்தது என்று எங்கள் வீட்டில் ஆறுதல் அடைந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது குரைக்கத் தெம்பில்லாமல் கிடக்கிறது என்பது, ஒருநாள் அது எழுந்து நின்று விலா எலும்புகளை எண்ணும்படி தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் செய்த முதல் காரியமே தவறானது. இரவில் சுவருக்கு மேலிருந்து ஒரு பெரிய பொட்டலம் சோற்றைப் போட்டேன். விடிவதற்குள் நாய் முழுவதையும் வாந்தி எடுத்துவிட்டது. வீட்டுக்காரர் பொட்டலத்தைக் கண்டெடுத்து, யாரோ விஷம் வைக்கப் பார்க்கிறார்கள் என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, அவர் வாந்தியோடு போனதே நல்லதாயிற்று என்றார். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக நிறைய உணவு கிடைத்தால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் முதலியவற்றின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றும், அத்தகைய நாய்க்குச் சிறு சிறு அளவாகப் பல நாட்களில்தான் உணவைக் கூட்ட வேண்டும் என்றும் விளக்கினார்.

நாயின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று உண்டு என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். 4 அல்லது 5 என்பது சரியான உடல்வாகு. 1 என்றால் விலாவும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தொலைவிலிருந்தே தெரியும். நான் எங்கள் மாடியிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் 2-க்கு மேல் இராது என்றார்.

புகார் கொடுத்தேன். வந்த அதிகாரி, கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது, தலைக்கு மேல் தகரம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் வந்த அந்த அரைமணி நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது உண்மைதான். அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் நேரமும் போட்டு எழுதத் தொடங்கினேன். நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடுதலாக. அங்கே இருந்ததோ ஒரு சிறு கிண்ணம்; நாய் ஒருமுறை திரும்பினாலே சங்கிலி இழுத்து அதைக் கவிழ்த்துவிடும். நான் குறித்த 14 நாட்களில் 11 நாட்கள் காலை எட்டு மணிக்கே கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. தகரத்தின் நிழலும் பிற்பகலில் சங்கிலியின் நீளத்தைத் தாண்டிப் போய்விடும்.

அந்தக் குறிப்புகளோடு இரண்டாவது முறை எழுதியபோது அதிகாரி மருத்துவரையும் அழைத்து வந்தார். குட்டியாக இருந்தபோது போட்ட கழுத்துப்பட்டை ஒருமுறைகூடத் தளர்த்தப்படாமல் தோலுக்குள் புதைந்திருந்தது. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பார்கள், இங்கே நகம்கூட நுழையவில்லை. நாயை வாங்கிய மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டதும், நாய்க்குப் பயந்த பெற்றோர் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாயை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்துவிட, அது வேறு வீட்டுக்குப் போயிற்று. வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவருடைய மனைவி மட்டும் ஒரு மாலையில் சுவரோரம் வந்து, “அது இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறதாமா?” என்று கேட்டார்.

•

என்னுடையது இதற்கு நேர்மாறான அனுபவம். எதிர்வீட்டு நாய் எலும்பும் தோலுமாக இருப்பதைக் கண்டு, விசாரிக்காமலேயே நான் புகார் எழுதினேன். அது 14 வயது நாய். சிறுநீரகம் பழுதடைந்ததால் மெலிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் நாள்தோறும் அதற்குத் தோலடியில் ஊசி வழியே திரவம் ஏற்றிக்கொண்டிருந்தார். வந்த அதிகாரியிடம் மருந்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்போது அவர் கை நடுங்கியதைச் சன்னலிலிருந்து பார்த்தேன். மெலிவை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. முற்றி வளைந்த நகம், சடை பிடித்த முடி, அப்பிக் கிடக்கும் உண்ணி, நாள்கணக்கில் அள்ளாத மலம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை.

•

நான் புகார் எதையும் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெரியவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த பிறகு அவருடைய நாய் வாசல் தூணிலேயே கிடந்தது. “உங்கள் நாயைச் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லையே” என்று ஆரம்பித்திருந்தால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். “ஐயா, காலையில் தனியாக நடப்பது சலிப்பாக இருக்கிறது, இவனையும் கூட்டிப் போகட்டுமா?” என்று கேட்டேன். முதல் வாரம் அது நான்கு வீடு தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிடும்; உள்ளங்காலின் தோல் அவ்வளவு மென்மையாகிப் போயிருந்தது. வெயில் ஏறுமுன் மண் தரையிலேயே நடத்தி அழைத்துப் போனேன். மூன்றாவது வாரம் பெரியவர் தாமாகவே, நாயின் காதில் வாடை வருகிறது, எந்த மருத்துவரிடம் காட்டலாம் என்று கேட்டார். நான் கவனித்தது எத்தனையோ நாளாயிற்று என்று சொல்லாமல், மறுநாளே வண்டி பிடித்துக் கொண்டுபோனேன்.