கோத்தகிரியில் முதல் கேமரா: டி3500-ஆ, 200டி-யா?

அக்கா மகளுக்குப் படமெடுக்கப் பழக செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் ஒன்று தேவை. லென்ஸோடு சேர்த்து பட்ஜெட் 25,000 ரூபாய். நிக்கான் டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ் மாட்டினால், ஃபோகஸுக்குக் கையால்தான் திருகணும். கேனன் 200டி-யில் திரையைப் பார்த்து எடுத்தாலும் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும், வீடியோவுக்கும் தோது. உங்கள் ஓட்டு எதற்கு?

கேமரா பாடியைவிட லென்ஸ்தான் கவலை. நம்ம மலை ஈரத்தில் பீரோவுக்குள்ளேயே கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு மூடியையும் கழற்றி (நிக்கான் என்றால் பின்னாலுள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளி அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, திறந்து) டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி நூல் தெரியும். அப்படிப்பட்டது பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஊட்டி, குன்னூர் பக்கம் சுத்தமான 18-55 மி.மீ. லென்ஸோடு (கேமராவோடு வழக்கமாக வருவது) விற்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்தால் போதுமா, ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட் பெட்டியே வாங்கணுமா?