கோர் டேட்டாவில் மயில் கழுத்து நிறம் மங்கிப் போகிறது, உதவி வேண்டும்

தி.நகரில் மாமாவின் பட்டுப்புடவைக் கடைக்கு இருப்புக் கணக்கு பார்க்க மேக்கில் ஒரு ஆப் எழுதுகிறேன். புடவைப் படத்தின் மேல் கர்சரை வைத்து நிறத்தை எடுத்தால், அது கோர் டேட்டாவில் (ஆப்பின் தகவல்களைச் சேமித்து வைக்கும் ஆப்பிளின் வசதி) சேமிக்கப்பட வேண்டும். எடுக்கும்போது பளபளவென்று இருக்கிற மயில் கழுத்து, ஆப்பை மூடித் திறந்தால் வெளிறிய பச்சையாக நிற்கிறது. அரக்கு நிறத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

மேக்புக் ஏர் எம்1, சோனோமா, எக்ஸ்கோட் 15, ஸ்விஃப்ட். மூன்று வாரமாக இதே கதை.

முதலில் நிறத்தை ஹெக்ஸ் எழுத்தாக (#RRGGBB வடிவில்) வைத்தேன். மங்கியது அதில்தான்: திரை டிஸ்ப்ளே பி3 (அதிக நிறங்கள் அடங்கும் அகலமான நிறவெளி), நான் மாற்றுவதோ எஸ்ஆர்ஜிபி (அதைவிடக் குறுகிய நிறவெளி). அதன் எல்லைக்கு வெளியே இருப்பது 0-க்கோ 255-க்கோ வெட்டுப்பட்டு விடுகிறது. சரி என்று டிரான்ஸ்ஃபார்மபிள் வகைக்கு (பொருளை டேட்டாவாக மாற்றிச் சேமிப்பது) போனேன். அந்த மாற்றத்தைச் செய்யும் வழக்கமான செக்யூர் டிரான்ஸ்ஃபார்மர், மேக்கில் நிறத்தைக் குறிக்கும் வகையான என்எஸ்கலரை ஏற்கவே இல்லை, அனுமதிப் பட்டியலில் இல்லை என்று சேமிக்கும்போதே ஆப் விழுந்தது. அதை சப்கிளாஸ் செய்து என்எஸ்கலரைச் சேர்த்ததும் நிறம் அப்படியே திரும்பி வருகிறது. ஆனால் அது வெறும் டேட்டா மூட்டை, பிரெடிகேட்டில் (தேடல் நிபந்தனை) தேட முடியவில்லை. "இதே கலர்ல வேற காட்டுங்க" என்று வாடிக்கையாளர் கேட்பதற்காகத்தானே இந்த ஆப்பே! எல்லாப் புடவைகளையும் நினைவகத்தில் ஏற்றி ஒப்பிட்டும் பார்த்தேன், ஸ்க்ரோல் திக்கித் திணறுகிறது.

பி3 நிறம் மங்காமலும் இருக்க வேண்டும், கிட்டத்தட்ட அதே நிறத்தைப் பிரெடிகேட்டில் தேடவும் வேண்டும் என்றால், இந்தப் புடவை என்டிட்டியில் (கோர் டேட்டாவில் அட்டவணை போன்றது) என்னென்ன அட்ரிபியூட் (புலம்) வைப்பீர்கள்?