துவரையில் ரைசோபியம் கலந்தும் பலன் தெரியவில்லையே, ஏன்?

பாலக்கோட்டு மானாவாரி:
ஐயா, எங்களுக்குப் பாலக்கோட்டிற்கு அருகில் இரண்டு ஏக்கர் செம்மண் மானாவாரிக் காடு இருக்கிறது. சென்ற ஆடிப்பட்டத்தில் நிலக்கடலைக்கு ஊடே துவரை விதைத்தோம். ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் கலந்தபோதே பூஞ்சாண மருந்தையும் சேர்த்துவிட்டேன். முளைத்து மூன்று வாரமாகியும் செடி வெளிறியே நின்றதால் யூரியா தூவினேன். எதையும் கலக்காத பக்கத்துக் காட்டுத் துவரையோ என்னுடையதைவிடப் பச்சையாக இருந்தது. அடுத்த பட்டத்திலும் இதற்குச் செலவு செய்யலாமா?

காவேரிப்பட்டணம் உழவன்:
நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பொட்டலத்தில் இருப்பது உரமன்று, உயிர்: வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் (நைட்ரஜன்) பிடித்துச் செடிக்குத் தரும் நுண்ணுயிர். பூஞ்சாண மருந்தோடு ஒரே நேரத்தில் கலந்தால் அதில் பெரும்பகுதி மடிந்துவிடும். மருந்தை முதலில் கலந்து, 24 மணி நேரம் கழித்து ரைசோபியத்தைக் கலந்து, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். ஹெக்டேருக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று போதும். காலாவதித் தேதியைப் பாருங்கள். கடைக்காரர் அதைத் தகரக் கூரையின் கீழ் வெயிலில் வைத்திருந்தாரா என்பதையும் பாருங்கள்.

யூரியாவும் ஒரு காரணம். வேர் முடிச்சு உருவாகி வேலையைத் தொடங்கும் வரை மூன்று, நான்கு வாரம் செடி சற்று வெளிறுவது இயல்பு. அந்த நேரத்தில் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால், மண்ணிலேயே எளிதாகக் கிடைப்பதை விட்டுவிட்டு முடிச்சை வளர்க்கச் செடி மெனக்கெடாது. மானாவாரித் துவரைக்கு அடியுரமாக ஹெக்டேருக்கு 12.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பரிந்துரை.

பென்னாகரம் வாசகர்:
பக்கத்துக் காட்டின் பச்சைக்கும் ஒரு காரணம் உண்டு. கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை, துவரை ஆகிய எல்லாவற்றின் வேரிலும் ஏறத்தாழ ஒரே கூட்டத்து நுண்ணுயிர்கள் குடியேறும். கேழ்வரகுக் காட்டிலும் அவரையும் மொச்சையும் ஊடே விட்டுப் பழகிய நம் பக்கத்து மண்ணில் அவை ஏற்கெனவே இருக்கக்கூடும். பொட்டலத்து நுண்ணுயிர் அவற்றோடு போட்டியிட்டு வென்றால்தான் நமக்கு வித்தியாசம் தெரியும். முதன்முறையாகச் சோயா மொச்சை போடுபவருக்கு, அதற்குரிய நுண்ணுயிர் மண்ணில் இராது என்பதால், கலப்பதன் பலன் பளிச்சென்று தெரியும்.

ஆகவே நான்கு சாலில் மட்டும் கலக்காத விதையைப் போடுங்கள். நாற்பதாம் நாள் இரண்டு பக்கத்துச் செடிகளையும் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் பயனில்லை. வேரைத் தாக்கும் நூற்புழுவால் வரும் வீக்கத்தை முடிச்சென்று எண்ணி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். தொட்டால் உதிர்வது முடிச்சு. வேரே பருத்திருந்தால் அது நூற்புழு.

பாலக்கோட்டு மானாவாரி:
அப்போது பிடுங்கிப் பார்த்தேன், ஐயா. முடிச்சு இருந்தது, ஆனால் உள்ளே வெள்ளையாக இருந்தது. அடியுரமாக மணிச்சத்து எதுவும் போடவில்லை.

காவேரிப்பட்டணம் உழவன்:
அப்படியானால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்க முடிச்சுக்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். மணிச்சத்து இல்லாமல் அது கிடைக்காது. மண் பரிசோதனை செய்துவிட்டு, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பொட்டலத்தை விதைப்பதற்கு முந்தைய வாரம் வாங்கினால் போதும்.