பீட்டரின் சீர்திருத்தங்களுக்குப் போர்தான் காரணமா?

கேள்வி

இவான் நான்காமன் 1552இல் கசானையும் 1556இல் அஸ்த்ரகானையும் கைப்பற்றியதில் தொடங்கி, 1721இல் நிஸ்டாட் உடன்படிக்கையால் முதலாம் பீட்டருக்குப் பால்டிக் கரை கிடைத்தது வரையிலான ரஷ்ய வரலாற்றைப் படித்து வருகிறேன். பீட்டர் பிறப்பதற்கு முன்பே, 1639இல், இவான் மஸ்க்வித்தின் என்பவரின் தலைமையில் சென்ற கொசாக்குகள் (எல்லைப்புறப் போர்வீரர்கள்) பசிபிக் கரையை எட்டிவிட்டனர். பழைய நிர்வாகத்தை வைத்துக்கொண்டே கிழக்கே அவ்வளவு தொலைவு பரவ முடிந்த ஓர் அரசு, மேற்கே சிறிது தூரம் நகர்வதற்குப் படை, வரி, பதவிமுறை, திருச்சபை என அனைத்தையும் மாற்ற நேர்ந்தது ஏன்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

எதிரே நின்றவர்கள் யார் என்பதில்தான் விடை இருக்கிறது. 1582இல் கொசாக் தலைவர் யெர்மாக்கின் சிறு படை, துப்பாக்கியின் பலத்தால், மேற்குச் சைபீரியாவில் இருந்த சிபிர் கானரசின் தலைநகரைப் பிடித்தது. அதன்பின் ஆறுகளின் வழியே சென்று, கூடும் இடங்களில் மரக்கோட்டைகளைக் கட்டி, சுற்றியுள்ள மக்களிடம் 'யாசாக்' எனப்பட்ட திறையைச் சேபிள் என்ற சிறு விலங்கின் மென்மயிர்த் தோலாக வாங்கினார்கள். அந்தத் தோல் ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலைக்குப் போனதால், கிழக்கு நோக்கிய பயணம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொண்டது.

மேற்கே பால்டிக் கரையை வைத்திருந்த சுவீடன் அப்படிப்பட்ட எதிரி அன்று. 1700 நவம்பரில் நார்வாவில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ரஷ்யப் படையைச் சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் சிதறடித்தார், பீரங்கிகள் பறிபோயின. மறு ஆண்டே தேவாலய மணிகளை உருக்கிப் பீரங்கி வார்க்கப் பீட்டர் ஆணையிட்டார். 1705 முதல் இருபது வீட்டுக்கு ஓர் ஆள் எனக் கட்டாய ஆள்சேர்ப்பு நடந்தது. 1709இல் பொல்தாவாவில் வென்றது இவ்வாறு திரட்டப்பட்ட படையே. 1711இல் செனட் என்ற உயர் ஆட்சிக் குழு, 1722இல் பதினான்கு படிகள் கொண்ட பதவி அட்டவணை ஆகியவற்றையும் இந்தப் போரின் தேவைகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் "திறையை வாங்கினார்கள்" என்று ஒரு வரியில் கடந்துபோவது, அதைக் கொடுத்தவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. ஒவ்வொரு குலத்திலிருந்தும் முக்கியமான ஒருவரைப் பிடித்துக் கோட்டைக்குள் பிணையாக அடைத்து வைப்பார்கள். உறவினர்கள் தோல்களோடு வரும்போது, அவர் உயிரோடு இருப்பதைக் காட்டிய பிறகே திறை கைமாறும். எதிர்த்தவர்கள் தாக்கப்பட்டார்கள்; புதியவர்களோடு வந்த பெரியம்மை பல சமூகங்களை அழித்தது.

மேலும், கிழக்கிலும் வலிய அரசு எதிர்ப்பட்ட இடத்தில் இந்தப் பரவல் நின்றுவிட்டது. அமூர் ஆற்றங்கரையில் சீனாவை ஆண்ட மஞ்சு அரசின் படைகள் குறுக்கே நின்றதால், 1689இல் நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கைப்படி அல்பாசின் கோட்டையை இடித்துவிட்டு ரஷ்யர் வெளியேறினார்கள். மறுமொழி 1இன் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

மறுமொழி 3

பீட்டருக்கு முன் எதுவும் மாறவில்லை என்ற எண்ணத்தைக் கேள்வி கேட்ட நண்பர் கைவிட வேண்டும். 1630களிலேயே அயல்நாட்டு அதிகாரிகளைக் கொண்டு புதுமுறைப் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. ஓடிப்போன குடியானவரை எத்தனை ஆண்டு கழித்தும் தேடிப் பிடித்து நிலவுடைமையாளரிடம் ஒப்படைக்கலாம் என்று 1649ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு விதித்தது. போருக்கு வந்த பிரபுக்களை ஊதியத்தால் மட்டும் தாங்க முடியாத அரசு, அவர்களின் நிலத்தில் உழுபவர்களைக் கட்டிவைத்துக் கொடுத்தது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். போலந்தோடு நடந்த நீண்ட போருக்குப் பின், 1667இல் அந்திருசோவோ உடன்படிக்கையால் ஸ்மொலென்ஸ்க், தினீப்பர் ஆற்றின் இடது கரை ஆகியவை கிடைத்தது, இந்த ஏற்பாட்டின் மேல் நின்றுதான்.

பீட்டர் அந்தப் பிணைப்பைத் தளர்த்தவில்லை, இறுக்கினார். 1718இல் ஆண்களைக் கணக்கெடுக்க ஆணையிட்டு, 1724இல் தலைவரியைக் கொண்டுவந்தார். படைக்கு ஆண்டுதோறும் எவ்வளவு பணம் வேண்டும் என்று பார்த்து, அதை வரிக்கு உட்பட்ட ஆண்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள்; தலைக்கு 74 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்) வந்தது. கைக்குழந்தையும் முதியவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். இடையில் இறந்தவரின் பெயரும் அடுத்த கணக்கெடுப்பு வரை நீங்காது. அதுவரை வரிக்கு வெளியே இருந்த வீட்டு அடிமைகளும் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பண்ணையடிமைகளோடு ஒன்றாக்கப்பட்டார்கள். வரியை வசூலிக்கும் பணியில், கிராமப்புறங்களில் தங்கவைக்கப்பட்ட படைப்பிரிவுகளே ஈடுபட்டன. இந்தச் சுமையை ஊர்கள் தாங்கவில்லை என்பதைப் பீட்டருக்குப் பின் வந்தவர்களே உணர்ந்தார்கள்: 1725இல் வரி 70 கோபெக்காகக் குறைக்கப்பட்டது, 1727இல் படைகள் ஊர்களிலிருந்து விலக்கப்பட்டன.